டிஸ்லெக்சியா பயிற்சிகள்: எதோடு ஒப்பிட்டுச் சொல்கிறீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் டிஸ்லெக்சியா (எழுத்தைப் பார்த்து வாசிப்பதில் நீடிக்கும் திணறல்) உள்ள குழந்தைகளுக்கான ஒரு பயிற்சியைப் பற்றி முழுப் பக்கக் கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். ஒற்றைக் காலில் நிற்பது, ஆடும் பலகையின்மேல் நிலைதடுமாறாமல் இருப்பது, பந்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிப் பிடிப்பது என்று தினமும் காலையும் மாலையும் செய்துவந்த ஒரு சிறுவன், ஆறே மாதத்தில் சரளமாக வாசிக்கத் தொடங்கிவிட்டான் என்று அவனுடைய அம்மா சொல்லியிருந்தார். அந்த அம்மா மிகைப்படுத்துகிறார் என்று நான் நினைக்கவில்லை. பையன் முன்னேறித்தான் இருப்பான். அவன் முன்னேறியது பந்தினாலா, வேறு எதனாலா என்பதுதான் கேள்வி. முழுப் பக்கத்தில் அந்தக் கேள்விக்கு ஒரு வரி இடம்கூடக் கிடைக்கவில்லை.

நான் சிறப்பாசிரியை. வாசிக்கத் திணறும் குழந்தைகளோடு உட்கார்ந்து எழுத்துக் கூட்டுவதுதான் என் பிழைப்பு. கட்டுரை வந்த மறுநாளே சில பெற்றோர் அந்தப் பக்கத்தைப் படம்பிடித்து எனக்கு அனுப்பிவிட்டார்கள். "மிஸ், பேசாம இதுக்கு மாத்திடலாமா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். அவருக்கு வாட்ஸ்அப்பில் இரண்டு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் உங்களுக்கு இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாகவே.

ஆறு மாதத்தில் ஒரு குழந்தையின் வாசிப்பு முன்னேற என்னென்ன காரணம் இருக்கலாம் என்று பாருங்கள். முதலில், அவனுக்கு வயது ஆறு மாதம் கூடியிருக்கிறது. அந்த ஆறு மாதமும் பள்ளிக்கூடம் போயிருக்கிறான். அதுவரை "படி, படி" என்று திட்டு வாங்கியவனோடு இப்போது தினமும் அம்மா பக்கத்தில் நின்று பந்து பிடிக்கிறார். அதில் அவனுக்குத் தெம்பு வந்திருக்கும். வீட்டிலும் வகுப்பிலும் எல்லோரும் அவன் முன்னேறுவான் என்று எதிர்பார்க்கிறார்கள். சோதனை செய்பவரின் முகமும் சோதனைத் தாளும் பழகியிருக்கும். இவை எல்லாம் சேர்ந்தாலே மதிப்பெண் ஏறும்.

இன்னொரு காரணம் பலருக்கும் தோன்றாது. காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் டாக்டரிடம் ஓடுகிறோம். அந்த நேரத்தில் எதைக் கொடுத்தாலும் மறுநாள் கொஞ்சம் இறங்கியிருக்க வாய்ப்பு அதிகம். குழந்தையைப் பயிற்சிக்குச் சேர்ப்பதும் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது: பரீட்சையில் மிக மோசமாக வந்த சமயம், ஆசிரியர் கூப்பிட்டுப் பேசிய வாரம். அன்றைக்கு எடுத்த மதிப்பெண் அவனுடைய வழக்கமான நிலைக்கும் கீழே இருந்திருக்கலாம். அடுத்த தடவை அது தானாகவே வழக்கமான இடத்துக்கு ஏறும். புள்ளியியல்காரர்கள் இதைச் சராசரி நோக்கிய பின்னடைவு என்பார்கள். இதற்கு எந்தப் பயிற்சியும் தேவையில்லை.

அதனால்தான் ஒப்பீட்டுக் குழு வேண்டும் என்கிறோம். இதே மாதிரி திணறும் குழந்தைகளைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் இரண்டு குழுவாகப் பிரிக்க வேண்டும். ஒரு குழுவுக்குப் பந்துப் பயிற்சி. மற்றதற்கு அதே நேரம், அதே கவனிப்பு, ஆனால் வேறு ஏதாவது வேலை. முடிவில் சோதிப்பவருக்கு எந்தக் குழந்தை எந்தக் குழு என்று தெரியக் கூடாது. இரண்டு குழுவும் ஒரே அளவு முன்னேறியிருந்தால் பந்துக்குப் பங்கு இல்லை. முதல் குழு கூடுதலாக முன்னேறியிருந்தால் அந்தக் கூடுதல் மட்டும்தான் பயிற்சியின் கணக்கில் சேரும். பாதியில் நின்றுபோன குழந்தைகளையும் கணக்கில் வைக்க வேண்டும். ஒரு மையத்தில் சேர்ந்து, பலன் தெரியாமல் இரண்டாம் மாதமே நின்றுவிட்ட குழந்தையின் அம்மாவை எந்தப் பத்திரிகையும் பேட்டி எடுப்பதில்லை.

முடிவு வரும்போதே எதை அளந்தார்கள் என்றும் கேட்க வேண்டும். என்னிடம் வந்த ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். அவன் வேறொரு மையத்தில் பயிற்சி முடித்துவிட்டு, வண்ண வண்ண வரைபடம் போட்ட கோப்போடு வந்தான். பயிற்சிக்கு முன் நிமிடத்துக்கு இத்தனை சொல், பின் இத்தனை என்று இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருந்தது. அம்மாவுக்கு மகிழ்ச்சிதான், ஆனால் வகுப்பில் மட்டும் ஏன் இன்னும் திணறுகிறான் என்று புரியவில்லை. சோதித்த தாளைக் கேட்டேன், கோப்பிலேயே இருந்தது. யானை குளத்தில் இறங்கும் ஒரு குட்டிக் கதை. பையன் அதைக் கடகடவென்று வாசித்தான், முகத்தில் பெருமை. இரண்டாம் பத்தியில் அவன் கண் ஜன்னல் பக்கம் போய்விட்டது, வாய் மட்டும் நிற்கவில்லை.

அப்புறம் அதே கதையில் வரும் சொற்களையே வைத்து வேறு வரிகள் எழுதிக் கொடுத்தேன். "குளம் யானையை விடப் பெரியது" என்று முதல் வரி. "யானை குளத்தில்" என்று தொடங்கியவன் நின்றுவிட்டான். தாளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு முதல் எழுத்தில் விரலை வைத்து, "கு... ள..." என்று கூட்ட ஆரம்பித்தான். அந்த மையத்தில் யாரும் ஏமாற்றவில்லை. முன்னும் பின்னும் ஒரே தாளைக் கொடுத்திருக்கிறார்கள், நடுவில் அதையே வீட்டில் பழகவும் அனுப்பியிருக்கிறார்கள். வாசிக்க முடியாத குழந்தைகளுக்கு மனப்பாடம் செய்வதில் இருக்கும் திறமை பலருக்குத் தெரியாது. வருடக்கணக்கில் அதை வைத்தே வகுப்பில் தப்பித்து வந்திருப்பார்கள்.

இதனால்தான் எங்கள் சோதனைகளில் பொருளில்லாத சொற்களை வைக்கிறோம். கொபிடு, தேமசை, நுலோபம். இப்படி ஒரு சொல் எந்தப் பாடத்திலும் வராது, ஊகிக்கவும் முடியாது. எழுத்தை ஒலியாக மாற்றத் தெரிந்தால்தான் வாசிக்க முடியும். டிஸ்லெக்சியா உள்ள பெரும்பாலான குழந்தைகள் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். "கொ" என்ற எழுத்தைப் பாருங்கள். இடப்பக்கம் ஒற்றைக் கொம்பு, நடுவில் க, வலப்பக்கம் துணைக்கால். மூன்றையும் சேர்த்துப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும். துணைக்காலை விட்டுவிட்டால் "கெ" ஆகிவிடும், கொம்பை இரட்டைக் கொம்பாக எடுத்துக்கொண்டால் "கோ" ஆகிவிடும். பந்து பிடித்தால் இந்தக் குழப்பம் ஏன் தீர வேண்டும் என்பதற்கு உங்கள் கட்டுரையில் "மூளையின் இரு பக்கங்களும் இணைகின்றன" என்று ஒரு விளக்கம் இருந்தது. மூளை என்ற சொல் வந்துவிட்டாலே நமக்கு நம்பிக்கை கூடிவிடுகிறது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டீனா வைஸ்பெர்க் குழுவினர் 2008-ல் இதையே ஆராய்ந்து வெளியிட்டார்கள். பலவீனமான ஒரு விளக்கத்தோடு சம்பந்தமில்லாத மூளைத் தகவலைச் சேர்த்துக் கொடுத்தபோது, துறை சாராதவர்களுக்கு அந்த விளக்கம் கூடுதல் திருப்தி அளித்தது.

உங்கள் கட்டுரை இதைப் "புதிய" பயிற்சி என்கிறது. புதிது இல்லை. பிரிட்டனில் டோர் என்ற தொழிலதிபர் கிட்டத்தட்ட இதே பயிற்சிகளை ஒரு திட்டமாக நடத்தினார். சிறுமூளை சரியாக வளராததுதான் டிஸ்லெக்சியாவுக்குக் காரணம், சமநிலைப் பயிற்சியால் அதைச் சரிசெய்யலாம் என்பது அதன் அடிப்படை. 2003-ல் 'டிஸ்லெக்சியா' என்ற ஆய்விதழில் அதைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது. மொத்தம் 35 குழந்தைகள். அவர்களில் பெரும்பாலோருக்கு டிஸ்லெக்சியா என்று கண்டறியப்பட்டிருக்கவே இல்லை. ஒரு பாதிக்குப் பயிற்சி கொடுத்தார்கள், மறுபாதிக்கு அந்தச் சமயத்தில் எதுவும் கொடுக்கவில்லை. அதாவது ஒரு குழுவுக்குத் தினமும் பெற்றோரின் கூடுதல் கவனம், இன்னொரு குழுவுக்கு ஒன்றும் இல்லை. கொஞ்ச காலம் கழித்து மறுபாதிக்கும் அதே பயிற்சியைக் கொடுத்துவிட்டதால், 2007-ல் நீண்டகாலப் பலன் பற்றிய தொடர் ஆய்வு வந்தபோது ஒப்பிட்டுப் பார்க்க யாருமே மிச்சம் இல்லை. அதை வெளியிட்டதை எதிர்த்து அந்த இதழின் ஆசிரியர் குழுவிலிருந்து சிலர் விலகினார்கள். ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த உளவியலாளர் டோரதி பிஷப், விளம்பரம் சொல்லும் அளவுக்குச் சான்று இல்லை என்று அதே ஆண்டு விரிவாக எழுதினார். அடுத்த ஆண்டு டோரின் நிறுவனம் பிரிட்டனில் நொடித்துப்போனது. அது போனபின்னும் அந்த யோசனை வேறு வேறு பெயரில் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

வண்ணக் கண்ணாடி போட்டாலோ, பக்கத்தின்மேல் ஒளி ஊடுருவும் வண்ணத் தாள் வைத்தாலோ வாசிப்பு எளிதாகும் என்ற கதையும் இப்படித்தான். 2011-ல் ஸ்காட்லாந்து ஆய்வாளர்கள், வாசிக்கத் திணறும் 61 பள்ளிக் குழந்தைகளை வண்ணத் தாள் முறையில் பயிற்சி பெற்றவரிடமே காட்டினார்கள். முக்கால்வாசிப் பேருக்கு மேல் வண்ணத் தாள் தேவை என்று அவர் சொன்னார். பிறகு அவர் பரிந்துரைத்த நிறத் தாள், வேறொரு நிறத் தாள், நிறமே இல்லாத தாள் என்று மாற்றி மாற்றி வைத்து வாசிக்கச் சொன்னபோது, பரிந்துரைத்த நிறத்தால் வாசிப்பு மேம்படவில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களும் கண் மருத்துவர்களும் 2009-லேயே கூட்டாக அறிக்கை வெளியிட்டு, கற்றல் குறைபாட்டுக்குக் கண் பயிற்சியும் வண்ணக் கண்ணாடியும் பரிந்துரைக்கத்தக்கவை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். குழந்தைக்குப் பார்வைக் குறை இருந்தால் கண்ணாடி போடத்தான் வேண்டும், அது வேறு விஷயம். கணினியில் ஒலிகளை நீட்டிக் கேட்கவைக்கும் ஃபாஸ்ட் ஃபார்வேர்ட் பயிற்சிக்கு 1990-களில் பெரிய எதிர்பார்ப்பு இருந்தது. ஒப்பீட்டுக் குழு வைத்து நடந்த ஆய்வுகளை 2011-ல் தொகுத்துப் பார்த்தபோது வாசிப்பில் பலன் இருப்பதாகத் தெரியவில்லை. டிஸ்லெக்சியாவுக்கென்றே வடிவமைத்த எழுத்துருக்களைப் பற்றிப் பேச இங்கே இடமில்லை. எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டினாலே சாதாரண எழுத்துருவும் அதே வேலையைச் செய்துவிடுகிறது என்பதோடு விட்டுவிடுகிறேன்.

சரி, எதற்குத்தான் சான்று இருக்கிறது? 2014-ல் ஜெர்மனியின் கலுஷ்கா குழுவினர், குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய 22 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். வண்ணத் தாள், ஒலிப் பயிற்சி, மருந்து என்று பலவும் அதில் இருந்தன. புள்ளியியல்படி உறுதியான பலன் ஒன்றுக்குத்தான் கிடைத்தது: எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பை ஒழுங்காக, படிப்படியாகச் சொல்லிக்கொடுத்து, அதை வைத்து வாசிக்கவும் எழுதவும் பழக்குவது. அதாவது வாசிக்கத் தெரியாத குழந்தைக்கு வாசிக்கக் கற்றுக்கொடுப்பது. இதை வைத்து முழுப் பக்கக் கட்டுரை எழுத முடியாதுதான், ஒப்புக்கொள்கிறேன்.

அந்தப் பலனும் பிரமாதம் என்று சொல்ல முடியாது. அவர்கள் கணக்கில் அதன் அளவு 0.32. பயிற்சி பெறாத குழுவில் 100 பேரைத் திறமைப்படி கீழிருந்து மேலாக வரிசையாக நிறுத்தினால், நடுவில் நிற்கும் குழந்தை பயிற்சி பெற்றிருந்தால் சுமார் 62-ஆவது இடத்துக்கு வந்திருக்கும். அவ்வளவுதான். தூரத்திலிருந்து பார்த்தால் சின்ன நகர்வு. வகுப்பில் எழுந்து நின்று ஒரு பத்தி வாசிக்க வேண்டிய குழந்தைக்கு அது சின்னது இல்லை. ஆனால் "ஆறு மாதத்தில் சரளம்" என்று யாராவது சொன்னால், மிக நன்றாகச் சோதிக்கப்பட்ட முறையே இவ்வளவுதான் தருகிறது என்பது பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

என் தொழிலுக்கும் இதே தராசுதான். என்னைப் போன்ற பலரும் கற்றுக்கொண்டது ஆர்ட்டன்–கில்லிங்காம் வழி. 1930-களில் மருத்துவர் சாமுவேல் ஆர்ட்டனும் ஆசிரியை அன்னா கில்லிங்காமும் உருவாக்கியது. எழுத்தைப் பார்த்து, சத்தமாகச் சொல்லி, விரலால் மணலில் எழுதி என்று பல புலன்களையும் சேர்த்துக் கற்பிக்கும் முறை. உலகம் முழுக்க இதற்கு நல்ல பெயர். 2021-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், மற்ற முறைகளோடு ஒப்பிட்டபோது இதன் பலன் நேர்மறையாக இருந்தாலும் புள்ளியியல்படி உறுதிப்படவில்லை என்று வந்தது. எங்கள் வட்டத்தில் பலருக்கு வருத்தம். எனக்கு அது அவ்வளவு ஆச்சரியமாகத் தோன்றவில்லை. எழுத்தையும் ஒலியையும் முறையாகச் சொல்லிக்கொடுப்பதுதான் வேலை செய்கிறது, மணல் தட்டு அதில் எவ்வளவு சேர்க்கிறது என்பதைத் தனியாக நிரூபித்தாக வேண்டும் என்றுதான் அதை எடுத்துக்கொண்டேன். மணல் தட்டை நான் இன்னும் வைத்திருக்கிறேன். குழந்தைகளுக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் "மணலில் எழுதினால் மூளை விழிக்கும்" என்று யாரிடமும் சொல்வதில்லை.

வேகம் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கட்டுரையின் தலைப்பிலேயே "சரளம்" இருந்தது. அமெரிக்காவில் டார்கெசன் என்பவர் 2001-ல் வெளியிட்ட ஆய்வில், 8 முதல் 10 வயதுள்ள 60 குழந்தைகளுக்கு ஆளுக்கு 67.5 மணி நேரம் தனித்தனியாக வாசிப்புக் கற்பித்தார்கள். ஒரு நாளைக்கு இரண்டு வேளை, வேளைக்கு 50 நிமிடம். பிழையில்லாமல் வாசிப்பதில் நல்ல முன்னேற்றம் கிடைத்தது, இரண்டு ஆண்டு கழித்தும் அது நிலைத்திருந்தது. வேகம் மட்டும் வயதுக்கு ஏற்ற அளவை எட்டவில்லை. தமிழ் மாதிரி, எழுத்தைப் பார்த்தால் ஒலி ஓரளவு தெரிந்துவிடும் மொழிகளில் இது இன்னும் முக்கியம். ஜெர்மன், இத்தாலிய மொழிகளில் டிஸ்லெக்சியா உள்ள குழந்தைகள் பெரும்பாலும் சரியாகவே வாசிக்கிறார்கள், ஆனால் மிக மெதுவாக. என்னிடம் வரும் பிள்ளைகளும் "க, கா, கி" வரிசையைப் பிடித்துக்கொண்டபின் தப்பு குறைந்து, மெதுவாக ஊர்ந்து போகும் வாசிப்பில் நின்றுவிடுகிறார்கள். அதனால் ஒரு பயிற்சியை மதிப்பிடும்போது பிழையையும் வேகத்தையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஒன்றில் கிடைத்த பலனை இரண்டிலும் கிடைத்ததாகச் சொல்வது சுலபம்.

"தீங்கு இல்லையே, செய்துபார்த்தால் என்ன?" என்று கேட்பார்கள். ஒற்றைக் காலில் நின்றால் யாருக்கும் கெடுதல் வராதுதான். ஆனால் குழந்தையின் நாளில் நேரம் கொஞ்சம்தான் இருக்கிறது. பள்ளி, வீட்டுப்பாடம், களைப்பு போக மிஞ்சும் அந்த அரை மணி நேரம் பந்துக்குப் போனால், எழுத்துக்குப் போகாது. அதைவிட எனக்கு வருத்தம் தருவது வேறொன்று. பயிற்சியால் பலன் வராதபோது பெரும்பாலும் பழி யார்மேல் விழுகிறது தெரியுமா? "தினமும் ஒழுங்காகச் செய்யவில்லை" என்று அம்மாமேல், "ஒத்துழைக்கவில்லை" என்று குழந்தைமேல். பயிற்சியின் மேல் ஒரு சொல் விழாது. ஏற்கெனவே சோம்பேறி என்ற பட்டத்தோடு வந்த குழந்தை, சோம்பேறி என்ற பட்டம் இன்னும் கெட்டிப்பட்டு வெளியே போகிறது. பந்து விளையாடட்டும், நன்றாக விளையாடட்டும். அதற்கு விளையாட்டு என்றே பேர் வையுங்கள்.

ஆசிரியருக்கு என் வேண்டுகோள் இதுதான். இப்படி ஒரு கட்டுரை மறுபடி வரும்போது, அந்த மையத்திடம் உங்கள் நிருபர் சிலவற்றைக் கேட்டு, பதிலை அப்படியே அச்சிடட்டும். பயிற்சி பெறாத குழந்தைகளோடு ஒப்பிட்டீர்களா? சோதித்தது யார், மையத்து ஆளா, வெளி ஆளா? குழந்தை முன்பு பார்க்காத தாளா? எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள்? பயிற்சியை நிறுத்திச் சில மாதம் கழித்துச் சோதித்தீர்களா? பதில் இல்லையென்றால் "பதில் இல்லை" என்று போடுங்கள். சான்று இல்லாததாலேயே ஒரு பயிற்சி வீண் என்று ஆகிவிடாது, இன்னும் சோதிக்கப்படவில்லை என்றுகூட இருக்கலாம். அந்த நிலையையும் வாசகருக்கு உள்ளபடி சொல்லலாம்.

உங்கள் கட்டுரையில் வந்த சிறுவனின் பெற்றோர் இதைப் படித்தால், மையத்திடமிருந்து பழைய சோதனைத் தாள்களின் நகலை வாங்கி வைத்துக்கொள்ளட்டும். முன்னும் பின்னும் ஒரே தாளா என்று பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். நிருபருக்குப் பொருளில்லாத சொற்பட்டியல் வேண்டுமென்றால் என்னிடம் இருக்கிறது, அனுப்பித் தருகிறேன்.

இப்படிக்கு,
சிறப்பாசிரியையாகப் பணியாற்றும் உங்கள் வாசகி